குரூப் போட்டோவுக்கு எந்தக் குடை? கம்ப்யூட்டரில் அளந்து பார்த்து வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை, கேமராவிலும் செல்போனிலும் இருக்கும் குடும்பப் படங்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து பெரிய மானிட்டரில் திறந்து பார்ப்பதுதான். பார்த்தவுடன் ஒரு ஏமாற்றமும் வரும். மூன்று அங்குலத் திரையில் நன்றாகத் தெரிந்த படம் 22 அங்குலத்தில் வேறு மாதிரி இருக்கிறது. நெற்றியில் எண்ணெய் வழிகிறாற்போல ஒரு வெள்ளைத் திட்டு, மூக்குக்குக் கீழே கரிக்கோடு போல நிழல், பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருப்பு உருவம். குரூப் போட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். நடுவில் இருப்பவர்கள் வெளுத்துப்போயும், ஓரத்தில் நிற்பவர்கள் இருட்டிலும் இருப்பார்கள்.

உடனே நம் கை பிரைட்னஸ் எங்கே இருக்கிறது என்று தேடும். ஓரளவுக்குத்தான் அது உதவும். இருட்டான முகத்தை சாப்ட்வேரில் இழுத்து வெளிச்சமாக்கினால் கூடவே புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் வரும், தோலின் நிறமும் திட்டுத் திட்டாகிவிடும். கேமராவில் பதிவாகாத விவரத்தை எந்த சாப்ட்வேராலும் உண்மையாகத் திருப்பித் தர முடியாது. இதற்கு மருந்து படம் எடுக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அதிலும் குறைந்த செலவில் கிடைப்பது ஸ்டூடியோக்காரர்கள் 'அம்பர்லா' என்று சொல்லும் குடைதான். விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. எந்தக் குடை, எந்த அளவு, எங்கே வைப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன், தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. அதனால் எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். நீங்களும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அளந்து பார்க்கும் வழியை இதில் சொல்லியிருக்கிறேன்.

குடை என்ன செய்கிறது?

நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. 18 அடி உயரச் சிலை, தலைக்கு மேலே கூரை கிடையாது. உச்சி வெயிலில் போனால் சிலையின் மேல் விழும் நிழல்கள் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மேகம் மூடிய நாளில் போய்ப் பாருங்கள். அதே சிலை, அதே வானம். ஆனால் நிழலுக்கு ஓரமே தெரியாது. சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இங்கிருந்து பார்க்க ஒரு சின்னப் பொட்டு. சின்னதாகத் தெரியும் விளக்கு கூர்மையான நிழலைத் தரும். மேகம் வந்ததும் அந்த வெளிச்சம் வானம் முழுக்கப் பரவுகிறது. பெரிதாகத் தெரியும் விளக்கு மென்மையான நிழலைத் தரும்.

கேமராவின் மேல் இருக்கும் ஃபிளாஷ் அந்த உச்சி வெயில் போல. இரண்டு மூன்று அங்குல முகத்தில் இருந்து மொத்த வெளிச்சமும் பாய்கிறது. அதை ஒரு குடைக்குள் அடித்தால் அந்த மூன்று அங்குலம் 40 அங்குலம் ஆகிவிடுகிறது. அதாவது குடை என்பது நாம் வாடகை இல்லாமல் வைத்துக்கொள்ளும் மேகம்.

ஓவியர்களுக்கு இது ஆதியில் இருந்தே தெரியும். வடக்குப் பார்த்த ஜன்னலை அவர்கள் விரும்பியதற்குக் காரணம், அதில் நேரடி வெயில் அநேகமாக வராது, வானத்தின் பரவலான வெளிச்சம் மட்டுமே வரும் என்பதுதான். நம் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888-1972) கவிஞராகப் பெயர் பெறுவதற்கு முன்பு மனிதர்களின் உருவப்படம் வரைந்து சம்பாதித்தவர் என்பது நிறையப் பேருக்குத் தெரியாத செய்தி. உங்கள் வீட்டிலும் வெயில் விழாத பெரிய ஜன்னல் இருந்தால், ஒருவரை மட்டும் படம் எடுக்க அதுவே போதும். நாலு பேருக்கு மேல் ஆனால்தான் ஜன்னல் போதாது.

குடைகளில் என்னென்ன வகை?

முதலாவது, வெள்ளைத் துணியில் ஒளி ஊடுருவிப் போகும் குடை. இதை ஷூட் த்ரூ என்பார்கள். ஃபிளாஷ் குடைக்குள் அடிக்க, துணியைத் தாண்டி வெளிச்சம் ஆளின் மேல் விழும். குடையின் முதுகுப் பக்கம் ஆளைப் பார்த்து இருப்பதால் மிக அருகில், மூன்று நான்கு அடியில்கூட, கொண்டுபோய் வைக்கலாம். ஒருவரைப் படம் எடுக்க எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பாதி வெளிச்சம்தான் துணியைத் தாண்டிப் போகும். மீதியில் பெரும்பங்கு பின்பக்கம் திரும்பி அறை முழுக்கச் சிதறும். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை என்றால் அது நமக்கு லாபம், இன்னும் மென்மையாகும். நம் வீடுகளில் சுவர் அப்படியா இருக்கிறது? ஒரு பக்கம் கிளிப்பச்சை, ஒரு பக்கம் ரோஸ் அடித்து வைத்திருப்போம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கன்னத்தில் பச்சையாக விழும். முகம் ஏதோ காய்ச்சலில் எழுந்தவர் மாதிரி தெரியும். கல்யாண வீட்டில் ஷாமியானாவுக்குக் கீழே எடுத்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, உள்ளே வெள்ளை, வெளியே கருப்பு. ஃபிளாஷை ஆளுக்கு எதிர்த்திசையில் குடைக்குள் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறோம். கருப்புத் துணி பின்னால் கசிவதைத் தடுத்துவிடுவதால் கலர் சுவர் உள்ள அறைக்கு இதுவே நல்லது. குரூப்புக்கும் இதுவே நல்லது. கருப்பு உறையைக் கழற்றி மாட்டும்படியான 'டூ இன் ஒன்' குடைகளும் கிடைக்கின்றன. முதல் குடை ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள் என்பேன். உறையைக் கழற்றினால் ஷூட் த்ரூ, போட்டால் ரிஃப்ளெக்டர்.

மூன்றாவது, உள்ளே சில்வர். வெள்ளையைவிட வெளிச்சம் அதிகமாகத் திரும்பி வரும், பளபளப்பும் அதிகம். பட்டுப்புடவையின் ஜரிகையும் நகையும் இதில் மின்னும். இளம்பிள்ளைச் சேலையையோ சேலம் வெண்பட்டு வேட்டியையோ விற்பனைக்காகப் படம் எடுப்பவர்கள் சில்வர் குடையை முயன்று பார்க்கலாம். மனித முகத்துக்கு நம் ஊர் வெக்கையில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வியர்த்த நெற்றியும் மூக்கு நுனியும் ஜரிகையோடு சேர்ந்து மின்னும்.

நான்காவது கோல்டு. மஞ்சள் பூசியது போல வரும். அந்த மஞ்சள் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடத்தில் சேர்த்துவிடலாம், அதற்காகக் காசு கொடுத்து ஒரு குடை வாங்க வேண்டியதில்லை.

அளவில் ஏமாறாதீர்கள்

33, 43, 60 அங்குலம் என்று அட்டையில் போட்டிருக்கும். பல தயாரிப்பாளர்கள் விரித்த குடையின் வளைவின் மேலே டேப் வைத்து அளந்த அளவையே போடுகிறார்கள். ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு நேராக அளந்தால் சில அங்குலம் குறைவாகவே இருக்கும். இரண்டு கம்பெனிக் குடைகளை ஒப்பிடும்போது எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், அல்லது கடையிலேயே விரித்து அளந்து பாருங்கள்.

ஒருவர், இருவர் என்றால் 43 அங்குலம் போதும். குடும்பமாக எடுப்பதற்கு 60 அங்குலம். ஏழு அடிக் குடைகளும் வருகின்றன. ஆனால் வீட்டுக்குள் அதை எங்கே விரிப்பது? நம் வீடுகளின் கூரை பெரும்பாலும் 10 அடிதான், அதில் ஃபேன் வேறு தொங்குகிறது. ஸ்டாண்டை ஏழடிக்கு உயர்த்திக் குடையை விரிப்பதற்கு முன் சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, சுவிட்சின் மேல் ஒரு டேப்பும் ஒட்டிவிடுங்கள். 'புழுக்கமா இருக்கு' என்று யாராவது ஒருவர் போட்டுவிடுவார்.

ஒரு பெரியம்மாவின் படம்

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்திருந்தார்கள். வழக்கம்போல நடுவில் தம்பதி, பக்கத்தில் மாப்பிள்ளைமார், ஓரத்தில் சமையல்கட்டில் இருந்து கடைசியாக ஓடி வந்து நின்ற பெண்கள். அப்படி ஓரத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் சில வருடம் கழித்து இறந்துபோனார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று தேடினால் அவர் தனியாக எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே கண்ணு, இதுல இருந்து எடுத்துக் கொடு' என்று அந்தக் குரூப் போட்டோவைத்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்ஸல் கேமராவில் படத்தின் அகலம் 6000 பிக்ஸல். 14 அடி அகலத்துக்கு ஆட்கள் நிற்பதைப் பிரேமுக்குள் அடக்கினால் ஓர் அடிக்கு ஏறத்தாழ 430 பிக்ஸல். முகத்தின் அகலம் அரை அடி என்றால் 215 பிக்ஸல். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த முகத்தை முக்கால் அங்குலத்துக்குத்தான் தரமாக அச்சிட முடியும். நம் வீட்டுச் சுவரில் மாட்டுவதோ ஓர் அடிக்கு மேல். பிக்ஸல்தான் குறைவு என்றால்கூட ஒப்பேற்றலாம். அந்த முகம் இருட்டிலும் இருந்தது. ஊரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து 'சரி செய்து' வாங்கியதில் நிறம் சுண்ணாம்பாக வெளுத்து, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் போய், வேறு யாரோ ஆகிவிட்டார். அந்த வீட்டுப் பேத்தி 'இது யாரு?' என்று கேட்டது.

ஓரத்தில் நிற்பவர்கள் இருட்டில் விழுவது தலைவிதி அல்ல. குடையை வைத்த இடம்தான் காரணம். இனி அந்தக் கணக்குக்கு வருவோம்.

குரூப்பில் குடையை எங்கே வைப்பது?

விளக்கில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைப்போம். அப்படியல்ல, நாலில் ஒரு பங்காகிவிடும். பிளஸ் டூ இயற்பியலில் படித்த எதிர்த்தகவு இருமடி விதிதான். புகைப்படத்தில் வெளிச்சம் பாதியாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். எனவே தூரம் இரண்டு மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப் குறைவு.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் குடைக்கும் மிக அருகில் இருப்பவருக்கும் உள்ள தூரம், இரண்டாவது கட்டத்தில் மிகத் தொலைவில் இருப்பவரின் தூரம். மூன்றாவது கட்டத்தில் இரண்டாவதை முதலாவதால் வகுத்து, அதற்கு 2-ஐ அடிமானமாக வைத்து லாக் ஃபங்ஷன் போட்டு, வரும் விடையை 2-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது இருவருக்கும் இடையே உள்ள ஸ்டாப் வித்தியாசம். 4 அடி, 8 அடி என்று கொடுத்தால் 2 வரும். 8, 12 கொடுத்தால் 1.17. 12, 16 கொடுத்தால் 0.83. 16, 20 என்றால் 0.64. ஆட்களுக்குள் இடைவெளி எல்லாவற்றிலும் அதே 4 அடிதான். குடை பின்னால் போகப் போக வித்தியாசம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

இதை ஒரு நிஜமான வரிசைக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி அகலத்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை எடுக்கும் பழக்கத்தில் இடது ஓரத்துக்கு ஓர் அடி வெளியே, வரிசைக்கு 6 அடி முன்னால் குடையை வைத்தால், இடது ஓரத்தில் நிற்பவர் குடையில் இருந்து 6 அடி, வலது ஓரத்தில் நிற்பவர் 14 அடிக்கும் மேல். வித்தியாசம் ஏறத்தாழ இரண்டரை ஸ்டாப். அதாவது வலது ஓரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூடப் போவதில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான்.

அதே குடையை 14 அடி பின்னால், கேமராவுக்கு இடப்பக்கம் 3 அடி தள்ளி வையுங்கள். இப்போது மிக அருகில் இருப்பவருக்கும் வலது ஓரத்துக்கும் அரை ஸ்டாப்தான் வித்தியாசம். குடையின் காம்பை வரிசையின் நடுவைப் பார்க்க வைக்காமல் வலது ஓரத்தைப் பார்க்கக் கொஞ்சம் திருப்பிவிட்டால் இந்த அரை ஸ்டாப்பும் பெரும்பாலும் சரியாகிவிடும். குடையின் நடுவில் இருந்து வரும் வெளிச்சம் தூரத்தில் இருப்பவருக்கும், ஓரத்தில் இருந்து வருவது அருகில் இருப்பவருக்கும் போகிறது.

இரண்டு குடை இருந்தால் இன்னும் சுலபம். கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஏழு ஏழு அடி தள்ளி, வரிசைக்கு 12 அடி முன்னால், இரண்டையும் ஒரே பவரில் வைத்தால் கணக்கின்படி நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல் விழ வாய்ப்பு உண்டு. குடைகளைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு வந்தால் அது குறையும். எத்தனை குடை வைத்தாலும் உயரம் முக்கியம். தாழ்வாக வைத்தால் முன்வரிசையில் இருப்பவரின் தலை நிழல் பின்வரிசைக்காரரின் முகத்தில் விழும். பின்வரிசையை பெஞ்சில் ஏற்றிவிட்டு, குடையை அவர்களின் தலைக்கு மேலே வரும்படி உயர்த்துங்கள்.

இப்போது ஒரு கேள்வி வரலாம். பின்னால் தள்ளினால் குடை சின்னதாகத் தெரியுமே, மென்மை போய்விடாதா? போகும்தான். 43 அங்குலக் குடையை 14 அடிக்குத் தள்ளுவது, 4 அடியில் ஒரு 12 அங்குலக் குடை வைப்பதற்குச் சமம். 60 அங்குலம் என்றால் 17 அங்குலத்துக்குச் சமம். குரூப்புக்குப் பெரிய குடை கேட்பது இதற்காகத்தான். இருந்தாலும் மென்மை கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, முகம் தெரியாமல் போகக்கூடாது என்பது என் கட்சி.

பவரும் அதிகம் வேண்டும். 4 அடியில் இருந்து 14 அடிக்குப் போனால் 12 மடங்கு வெளிச்சம் தேவை. 4 அடியில் பதினாறில் ஒரு பங்கு பவரில் வேலை செய்த ஃபிளாஷ், இங்கே முக்கால் பங்குக்கு மேல் எரிய வேண்டும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6 என்று தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். முழு பவரில் அடித்தால் அடுத்த ஃபிளாஷ் தயாராகச் சில விநாடிகள் ஆகும், அதுவரை அடுத்த படம் எடுக்காமல் பொறுங்கள்.

கம்ப்யூட்டரில் அளப்பது எப்படி?

ஆட்களை நிற்க வைத்துவிட்டுப் பரிசோதனை செய்தால் எல்லோரும் எரிச்சலாகிவிடுவார்கள். முந்தின நாளே மூன்று பிளாஸ்டிக் சேரை எடுத்து, இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று போடுங்கள். ஒரே கட்டில் இருந்து எடுத்த மூன்று ஏ4 தாள்களை மூன்று சேரின் முதுகிலும் ஒட்டுங்கள். கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டர் 160-இல் ஒரு பங்கு விநாடி என்று வையுங்கள். ஃபிளாஷையும் மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதுவே பவரை மாற்றி நம் அளவைக் கெடுத்துவிடும்.

ஒரு படம் எடுத்து கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸில் உள்ள பெயிண்ட் போதும். படத்தைத் திறந்து, மருந்து சொட்டும் டிராப்பர் போல இருக்கும் கலர் பிக்கர் கருவியை எடுத்து நடுத் தாளின் மேல் கிளிக் செய்யுங்கள். பிறகு எடிட் கலர்ஸ் பகுதியைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் தெரியும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். ஜிம்ப் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள கலர் பிக்கரில் சாம்பிள் ஆவரேஜ் என்பதை டிக் செய்துகொண்டால் ஒரு புள்ளிக்குப் பதில் சுற்று வட்டாரத்தின் சராசரியைக் காட்டும். அது இன்னும் நம்பகமானது.

நடுத் தாளின் பச்சை எண் 200-ஐ ஒட்டி வரும்வரை ஃபிளாஷ் பவரைக் கூட்டியோ குறைத்தோ எடுங்கள். 255 வந்தால் அளவு பயன்படாது, அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் 255 என்றுதான் காட்டும். நடுவில் 200 வந்ததும் ஓரத் தாள்களைக் கிளிக் செய்யுங்கள். 170 என்று வந்தால் ஏறத்தாழ அரை ஸ்டாப் குறைவு. 147 என்றால் ஒரு ஸ்டாப். கேமராவுக்குக் கேமரா படத்தைப் பதப்படுத்தும் விதம் மாறும் என்பதால் இதைத் துல்லியமான கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒரு மதிப்பீட்டுக்கு நன்றாகவே உதவும். 170-க்குக் கீழே போகாமல் குடையை நகர்த்திக்கொண்டே இருங்கள். நாலைந்து முயற்சியில் இடம் பிடிபட்டுவிடும். ஸ்டாண்டின் கால் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டால் மறுநாள் வேலை மிச்சம்.

மூன்று எண்களையும் ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். இடது தாளில் மட்டும் பச்சை எண் மற்ற இரண்டைவிடத் தூக்கலாக இருந்தால், அந்தப் பக்கத்துச் சுவரின் வேலை அது. குடைக்குக் கருப்பு உறை போடுங்கள், அல்லது சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். (ஏ4 தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் ஃபிளாஷில் கொஞ்சம் நீலமாகவே தெரியும். மூன்றும் ஒரே கட்டுத் தாள் என்றால் ஒப்பிட அது தடையில்லை.)

கடையில் பார்க்க வேண்டியவை

குடையின் காம்பு பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமனில் வரும். எலின்க்ரோம் போன்ற சில விளக்குகளில் துளை 7 மில்லிமீட்டர்தான். நீங்கள் வாங்கும் பிராக்கெட்டில் காம்பை நுழைத்து, திருகை இறுக்கிப் பார்த்து வாங்குங்கள். குடையை மாட்டியதும் ஃபிளாஷின் ஒளி குடையின் நடுவில் போய்ப் படுகிறதா என்றும் பாருங்கள். சில மலிவான பிராக்கெட்டுகளில் ஃபிளாஷ் மேலேயும் காம்பு கீழேயுமாக விலகி இருக்கும், குடையின் பாதி வீணாகும். ஃபிளாஷில் ஜூம் வசதி இருந்தால் 24 அல்லது 35-இல் வைத்தால் பெரிய குடை முழுவதும் நிறையும். சந்தேகமாக இருந்தால் குடையையே ஒரு படம் எடுத்து மானிட்டரில் பாருங்கள். நடுவில் மட்டும் வட்டமாக எரிந்து ஓரம் மங்கலாக இருந்தால், 60 அங்குலக் குடை வாங்கி 30 அங்குலம்தான் பயன்படுத்துகிறீர்கள்.

கடையில் நாள்பட்டுக் கிடந்த துணி மஞ்சளடித்திருக்கும். ஒரு ஏ4 தாளைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பிகள் துணியோடு சேரும் முனைகளில் தையல் உறுதியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், குடை முதலில் பிய்வது அங்கேதான்.

ஃபிளாஷைக் கேமராவில் இருந்து தள்ளி வைத்து எரிய வைக்க ரேடியோ டிரிகர் வேண்டும். கோடாக்ஸ் டிடி 600 போன்ற ஃபிளாஷ்களில் ரிசீவர் உள்ளேயே இருப்பதால், கேமராவின் தலையில் ஒரு டிரிகர் மட்டும் வாங்கினால் போதும். வாங்கும் முன் உங்கள் கேமராவின் ஹாட் ஷூவைக் கவனியுங்கள். கேனான் 200டி மார்க் 2 போன்ற சில கேமராக்களில் அதன் நடுவில் இருக்க வேண்டிய தொடர்பு முனை கிடையாது. சாதாரண டிரிகர் அதில் எரியாது, அந்தக் கேமராவுக்கு ஒத்துவரும் டிரிகர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். செல்போனில் மட்டுமே படம் எடுப்பவர்களுக்கு இந்த ஃபிளாஷும் டிரிகரும் பொதுவாக உதவாது. அவர்கள் குடையோடு எல்.இ.டி. விளக்கு வாங்குவதே சரி.

ஆன்லைனில் இரண்டு குடை, இரண்டு ஸ்டாண்ட், இரண்டு பல்பு ஹோல்டர் என்று செட்டாகவும் விற்கிறார்கள். அந்த ஹோல்டர் திருகு வகை. நம் வீட்டு பல்பு பெரும்பாலும் இரண்டு முள் உள்ள பின் வகை, அதில் மாட்டாது. அசையாமல் உட்காரும் பெரியவர்களுக்கும், வீடியோவுக்கும் அந்த வெளிச்சம் போதும். ஓடும் குழந்தைகளுக்கும் 20 பேர் குரூப்புக்கும் போதவே போதாது, ஃபிளாஷ்தான் வேண்டும். மலிவான விளக்கில் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடிக்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளியில், தோட்டத்திலோ களத்திலோ எடுத்தால் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாமல் குடையை விரிக்காதீர்கள். ஆடி மாதம் என்றால் விரிக்கவே வேண்டாம், அந்தக் காற்றில் மூட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு பையனைப் பிடிக்கச் சொல்லி நிறுத்தினாலும் அவன் சாப்பிடப் போய்விடுவான்.

ஒருவரை எடுக்கும்போது

குரூப் முடிந்ததும் குடையை மடித்துவிடாதீர்கள். ஒரு சேரைப் போட்டு, 43 அங்குலக் குடையைச் சேருக்கு நாலடி தூரத்தில், பக்கவாட்டில் 45 டிகிரி, தலைக்கு மேலே 45 டிகிரி என்று வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் பக்கமும் தெரியும். கண்ணாடி போட்டவர் என்றால் குடை கண்ணாடியில் வெள்ளை வட்டமாகத் தெரியும். குடையை இன்னும் உயர்த்தி, அவரின் தாடையைச் சற்றே கீழே இறக்கச் சொன்னால் வட்டம் மேலே ஏறிப் போய்விடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம். நாற்பது வருடம் கண்ணாடியோடு பார்த்த முகம் அது.

கருத்த முகத்தை வெளுக்க வைப்பதற்காகப் பவரைக் கூட்டாதீர்கள். கருத்த தோலில் பெரிய குடையின் வெளிச்சம் கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் மெல்லிய பளபளப்பாக விழும், முகத்தின் வடிவமே அதில்தான் தெரியும். பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டை இருந்தால் கேமராவின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது கோடியில் சுவரில் மோதியது போலக் குவிந்திருந்தால் வேட்டியின் மடிப்பெல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் குறையுங்கள்.

இந்த இடத்தில் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுத்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். 'எனக்கெதுக்குச் சாமி போட்டோ?' என்று சொல்லும் அம்மாயியை முதலில் உட்கார வையுங்கள். சமையல்கட்டில் இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். இப்படி நாலடியில் எடுத்த படத்தில் முகம் மட்டுமே ஆயிரம் பிக்ஸலுக்கு மேல் வரும். 8-க்கு 10 அங்குலப் பிரிண்டுக்கு 2400-க்கு 3000 பிக்ஸல் வேண்டும், முழுப் படத்தில் அது தாராளமாகக் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கேமரா வைத்த நம்பரை விட்டுவிட்டு, ஆளின் பெயரையும் வருடத்தையும் ஃபைலுக்குப் பெயராக வையுங்கள். அதே ஃபோல்டரில் நோட்பேடில் ஒரு சின்ன ஃபைல் எழுதி, எந்தக் குடை, எத்தனை அடி, எவ்வளவு பவர் என்று குறித்து வையுங்கள். ஷட்டர், ஐ.எஸ்.ஓ. எல்லாம் படத்தின் பிராப்பர்டீஸில் தானாகப் பதிவாகியிருக்கும், குடையின் தூரம் மட்டும் அதில் இருக்காது. பிறகு மொத்த ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலும், வேறு வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியின் கம்ப்யூட்டரிலும் காப்பி செய்த பிறகே கேமராவின் கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.